எட்டுப் பல்லை அராவும் முன் வாயைத் திறந்து காட்டுங்கள்

மியன்மாரின் மோல்மீன் நகரிலிருந்து 39 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். லாரி உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். பதினெட்டு வருடம் குன்யா (மடித்து விற்கும் வெற்றிலைப் பாக்கு) போட்டவர், ஏழு மாதமாக நிறுத்தியிருக்கிறார். மேல்வரிசை முன்பற்கள் கறுப்பேறி, விளிம்பு தேய்ந்து குட்டையாகிவிட்டன. இடப்பக்க நடுப்பல்லில் சிறுவயதில் சைக்கிளிலிருந்து விழுந்து அடிபட்டிருக்கிறது. பத்து வருடத்துக்கு முன் அதற்கு ரூட் கெனால் செய்தார்கள், இப்போது அது சாம்பல் நிறம். தை மாதம் தங்கைக்குக் கல்யாணம், இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. யாங்கோனில் ஒரு கிளினிக்கில், "மேல்பல் எட்டையும் அராவி ஜிர்கோனியா (பீங்கான் போன்ற வெள்ளைப் பொருள்) தொப்பி போடலாம், கூசாமல் இருக்க எட்டுக்கும் முன்கூட்டியே ரூட் கெனால் செய்துவிடலாம், ஒரே வாரத்தில் முடிந்துவிடும்" என்றார்களாம். மைத்துனர், சாம்பல் பல்லைப் பிடுங்கி இம்ப்ளாண்ட், அதாவது எலும்பில் பதிக்கும் செயற்கை வேர், வைக்கச் சொல்கிறார். உள்ளூர் டாக்டரோ முதலில் சுத்தம் செய்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்கிறார். "யார் சொல்வதைக் கேட்பது? தொப்பி போட்டுவிட்டால் ஆயுசுக்கும் கவலையில்லைதானே?" என்பது அவர் கேள்வி. கடிதத்தின் நடுவே இரண்டு வரி போகிற போக்கில் வருகின்றன. "கொஞ்ச நாளாகக் காரமாக மோஹிங்கா (மீன்குழம்பு நூடுல்ஸ்) சாப்பிட்டால் கன்னம் எரிகிறது, வாயும் முன்போல அகலத் திறப்பதில்லை. வலது கீழ்க் கடைவாயில் இரண்டு பல் பிடுங்கியாயிற்று, அது வெளியே தெரியாது, அதை விடுங்கள்."

அன்புள்ள தம்பிக்கு,

பதினெட்டு வருடப் பழக்கத்தை விட்டு ஏழு மாதம் தாக்குப்பிடித்திருக்கிறீர்கள். குன்யா கடை தெருவுக்கு நாலு இருக்கிற ஊரில் அது எத்தனை கஷ்டம் என்று எனக்குத் தெரியும். உங்கள் வாய்க்கு இதுவரை நடந்த நல்ல சிகிச்சை அதுதான்.

நீங்கள் தொப்பியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் அந்த இரண்டு வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்கள் சிகிச்சைத் திட்டம் முழுவதும் அந்த இரண்டு வரியில்தான் இருக்கிறது.

மோஹிங்கா எரிகிறது என்ற அந்த வரி

பாக்கை வருடக்கணக்கில் கன்னத்தில் அடக்கி வைத்திருந்தால், அதிலுள்ள அரெக்கோலின் என்ற சத்து உள்கன்னத் தோலுக்கு அடியில் நார் கட்ட வைக்கும். பஞ்சு மாதிரி இருக்க வேண்டிய சதை வெளுத்து, இறுகி, கயிறு ஓடினாற்போல் ஆகிவிடும். ஓரல் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். முதலில் காரம் எரியும். அப்புறம் வாய் திறப்பது குறையும். விசில் அடிக்க வராது, கன்னத்தை உப்ப முடியாது, நாக்கை முன்போல் வெளியே நீட்ட முடியாது. உங்களுக்கு வந்திருப்பது இதுதான் என்று கடிதத்தைப் பார்த்து நான் சொல்ல முடியாது. ஆனால் வேறு யாரும் உங்கள் பல்லில் கை வைக்கும் முன் இதைப் பார்த்தே ஆக வேண்டும்.

இன்று இரவே கண்ணாடி முன் நின்று சோதித்துப் பாருங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே நுழையுங்கள். மூன்றும் போனால் ஓரளவு சரி. இரண்டுதான் போகிறது என்றால் குறைந்திருக்கிறது. உங்கள் விஷயத்தில் ஒன்றைக் கணக்கில் வையுங்கள்: முன்பல் இரண்டு மில்லிமீட்டர் தேய்ந்திருந்தால், அந்த இரண்டு மில்லிமீட்டர் உங்களுக்குக் கூடுதலாகக் காட்டும். மூன்று விரல் இறுக்கமாகத்தான் போகிறது என்றாலும் அதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிறகு சுத்தமான விரலால் உள்கன்னத்தைத் தடவிப் பாருங்கள். மேலும் கீழுமாகக் கயிறு போல் ஏதாவது தட்டுப்படுகிறதா, வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ இருக்கிறதா, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியில் சொன்ன திட்டோ புண்ணோ ஒன்று இருந்தாலும் கல்யாணம் வரை காத்திருக்கக் கூடாது. சதையில் துளி எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

"நான் புகையிலை இல்லாமல்தான் போட்டேன், பாக்கும் காசுக்கட்டியும் சுண்ணாம்பும்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நம்பிக்கையை நான் மென்மையாகவாவது உடைக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கையும், தனிப் பாக்கையும்கூட, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகையில் சேர்த்திருக்கிறது. புகையிலை சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும் என்பது வேறு விஷயம். பாக்கை விட்டால் நார் மேலும் கட்டுவது குறையலாம், ஆனால் கட்டிய நார் தானாகக் கரையாது. வாய் திறக்கும் பயிற்சி, தேவைப்பட்டால் கன்னத்தில் மருந்து ஊசி என்று வழிகள் இருக்கின்றன. சீக்கிரம் போனால் பலன் அதிகம். யாங்கோன் பல் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் வாய்நோய்ப் பிரிவு உண்டு. உள்ளூர் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு அங்கே காட்டுங்கள்.

இது பல் வேலைக்கும் நேராகச் சம்பந்தப்பட்டது. வாய் சரியாகத் திறக்காவிட்டால் அச்சு எடுக்கும் தட்டே உள்ளே போகாது, கடைவாயில் ரூட் கெனால் ஊசியை நேராக இறக்க முடியாது. இன்று எட்டுப் பல்லை அராவிவிட்டு, ஐந்து வருடம் கழித்து ஒன்று பழுதாகும்போது வாய் இரண்டு விரல்தான் திறக்கிறது என்றால், அதைச் சரிசெய்யவே கஷ்டப்படுவீர்கள். உங்கள் வாய்க்கு, பின்னால் எளிதாகப் பழுதுபார்க்கக்கூடிய வேலையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வெளியே தெரியாத அந்த இரண்டு பல்

வலது கீழ்க் கடைவாய்ப்பல் இரண்டும் இல்லை. அப்படியானால் மெல்லுகிற வேலையை யார் செய்கிறார்கள்? இடதுபக்கமும் முன்பற்களும்தான். வெட்டுவதற்கு இருக்கும் முன்பல், பாக்கும் சுண்ணாம்பும் கலந்த உருண்டையைப் பதினெட்டு வருடம் அரைத்திருக்கிறது. முன்பல் குட்டையானதில் குன்யாவோடு அந்தக் காலியிடத்துக்கும் பங்கு இருக்கலாம். இதைச் சரிசெய்யாமல் முன்னால் எது வைத்தாலும், அதே சுமை அதன்மேல் விழும். கம்போசிட் (பல் நிறத்தில் அடுக்கிக் கட்டும் பசை) என்றால் உடையும். ஜிர்கோனியா எளிதில் உடையாது, ஆனால் மெருகு சரியில்லையென்றால் எதிரே இருக்கும் கீழ்ப்பல்லைத் தேய்க்கும், அல்லது வேர் பிளக்கலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மேல்பல் தேயத் தேயக் கீழ்ப்பல் சும்மா இருக்காது. எலும்போடு சேர்ந்து மேலேறி வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பல்லைச் சேர்த்துக் கடித்துக் கண்ணாடியில் பாருங்கள்: மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் முட்டிக்கொண்டு நிற்கும். இப்போது பல்லை நீளமாக்க வேண்டுமென்றால் வைக்க இடமே இருக்காது. இடத்தை உண்டாக்கத்தான் பலர் பல்லை இன்னும் அராவுகிறார்கள். ஏற்கெனவே தேய்ந்த பல்லை மேலும் குறைப்பது எனக்கு ஒப்புக்கொள்ள முடியாத காரியம்.

வேறு வழி இருக்கிறது. நார்வே நாட்டு டால் என்பவரும் கூட்டாளிகளும் 1975-ல் விளக்கிய முறை இது. முன்பல்லைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டிவிட்டு, கடைவாய்ப்பல் சில மாதம் முட்டாமல் இருக்கும்படி விடுவது. முன்பல் சற்றே உள்ளே அழுந்தும், கடைவாய்ப்பல் மெல்ல எழும்பி வந்து மறுபடி சேரும். பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அதுவரை மெல்லுவது சங்கடமாக இருக்கும், 'ஸ' எழுத்து சில நாள் தடுக்கும். இதைச் செய்யும் டாக்டர் இந்தச் சங்கடத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இரண்டாம் நாளே "பின்பல் சேரவில்லை" என்று ஓடிவருவீர்கள், அவரும் பதறிப்போய்க் கட்டியதை அராவிவிடுவார். உங்களுக்கு வலதுபக்கம் எதிர்ப்பல் இல்லாததால் இந்த முறை அப்படியே பொருந்துமா, தற்காலிகப் பல்செட்டோடு சேர்த்துச் செய்ய வேண்டுமா என்பதை இரண்டு தாடையின் மாதிரி அச்சையும் தாடை அசைவைக் காட்டும் மூட்டுக்கருவியில் பொருத்திப் பார்த்துத்தான் முடிவுசெய்ய முடியும். அந்த மாதிரி அச்சு எடுக்காமல் யாராவது திட்டம் சொன்னால் அது திட்டமே இல்லை.

தொப்பி போட்டால் ஆயுசுக்கும் கவலையில்லையா?

தொப்பிக்குள் சொத்தை வராது என்று பலரும் நம்புகிறார்கள். தொப்பிக்கு வராது, தொப்பி முடியும் இடத்தில் இருக்கும் உங்கள் பல்லுக்கு வரும். ஈறோரம் அழுக்குத் தங்கினால் விளிம்புக்கு அடியில் சொத்தை ஓடி, வெளியே தெரியும்போது பல் அடியோடு முறிந்திருக்கும்.

அதைவிட முக்கியம், தொப்பிக்காக எவ்வளவு பல் போகிறது என்பது. பொதுவாகச் சுற்றிலும் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர், நுனியில் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் அராவ வேண்டும். முன்பல்லின் எனாமலே நுனியருகே ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான், ஈறோரம் அரை மில்லிமீட்டர்கூட இராது. முழுத் தொப்பிக்கு அராவும்போது முன்பல்லின் வெளியே தெரியும் பகுதியில் 63 முதல் 72 சதவீதம் எடைபோய்விடுகிறது என்று 2002-ல் அளந்து காட்டியிருக்கிறார்கள். வெனீருக்கு (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய ஓடு), அராவும் விதத்தைப் பொறுத்து, 3 முதல் 30 சதவீதம். எனாமல் திரும்ப முளைக்காது. அதனால்தான் அராவுவது கடைசி வழி.

கூசாமல் இருக்க எட்டுக்கும் ரூட் கெனால் என்பது உயிருள்ள பல்லை வசதிக்காகச் சாகடிப்பது. இந்த யோசனையைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. நோயில்லாத பல்லுக்கு அது தேவையே இல்லை. இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: எட்டுத் தொப்பியையும் ஒன்றாக ஒட்டிச் செய்வார்களா, தனித்தனியாகவா? ஒட்டிச் செய்தால் பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூல் இடையில் போகாது. விளிம்பை ஈறுக்குள் ஆழமாகப் புதைத்தால் ஈறு என்றைக்கும் சிவந்தே இருக்கும், பல் துலக்கும்போதெல்லாம் ரத்தம் வரும்.

நான் சொல்லும் வரிசை

வாய்ச்சதைப் பரிசோதனை முடிந்து பயமில்லை என்றால், முதல் வேலை ஸ்கேலிங். இரண்டு மூன்று தடவையாகக் காரையை எடுத்து, கறையைச் சோடா மாவுத் தூள் பீய்ச்சியோ மெருகுப் பசையாலோ போக்குவார்கள். கறுப்பில் பெரும்பகுதி பல்லின் மேலே படிந்ததுதான். அது போனதும் பாதிக் கவலை போய்விடும். ஸ்கேலிங்குக்குப் பிறகு பல் ஆடுவதுபோலவும் இடைவெளி விழுந்ததுபோலவும் தோன்றும். சுத்தம் செய்ததால் ஆடவில்லை. இத்தனை நாள் காரைதான் சிமெண்ட் மாதிரி பிடித்துக்கொண்டிருந்தது. வீங்கிய ஈறு வற்றி ஒரு நிலைக்கு வர ஆறு வாரம் விடுங்கள். அதற்கு முன் விளிம்பு வேலை எதையும் ஆரம்பித்தால், ஈறு இறங்கியதும் விளிம்பு வெளியே தெரியும்.

அந்த ஆறு வாரத்துக்குள் சாம்பல் பல்லைக் கவனிக்கலாம். எக்ஸ்ரே எடுத்து, பழைய ரூட் கெனால் வேர்நுனி வரை அடைபட்டிருக்கிறதா, நுனியில் புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சரியில்லையென்றால் முதலில் அதை மறுபடி செய்ய வேண்டும். சரியாக இருந்தால் உள்ளிருந்தே வெளுக்க வைக்கலாம். பல்லின் பின்புறம் திறந்து, அடைத்த பொருளை ஈறு மட்டத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழ்வரை எடுத்து, அதன்மேல் கிளாஸ் அயனோமர் சிமெண்ட்டால் இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் மூடிவிட்டு, சோடியம் பெர்போரேட்டைத் தண்ணீரில் ஈர மணல் பதத்துக்குக் குழைத்து வைத்துத் தற்காலிகமாக அடைப்பார்கள். வாரம் ஒருமுறை மாற்றினால் இரண்டு முதல் நாலு தடவையில் பல் வெளுக்கும். அந்தச் சிமெண்ட் மூடி இல்லாமலோ, வீரியமான பெராக்சைடைச் சூடுபடுத்தியோ செய்தால் ஈறோரத்தில் வேர் அரித்துப்போகும் ஆபத்து உண்டு. அதனால் "மூடி வைப்பீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். மைத்துனர் அக்கறையில்தான் சொல்லியிருப்பார், ஆனால் எலும்பில் உறுதியாக நிற்கிற வேரைப் பிடுங்கினால் முன்பக்க எலும்புச் சுவர் காகிதமாக வற்றும், ஈறு உள்வாங்கும். இம்ப்ளாண்ட் என்பது, வேர் பிளந்துபோன பல்லுக்கு, நிறம் மாறிய பல்லுக்கு இல்லை.

மற்ற பற்களுக்கு வீட்டில் ப்ளீச்சிங் செய்யலாமா? செய்யலாம், ஆனால் கன்ன எரிச்சல் தீர்ந்து, வாய்நோய் டாக்டர் சரி என்ற பிறகுதான். உங்கள் வாய் அளவுக்குச் செய்த தட்டில் பத்து சத கார்பமைடு பெராக்சைடை அரிசி அளவு இட்டு, இரவில் இரண்டு மூன்று வாரம். அந்த வீரியத்தில் எனாமல் கரையாது, கூச்சம் வரும், ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் அடங்கும். வீரியம் குறைவு என்று கடையில் கிடைக்கும் கடுமையான ஜெல்லை வாங்கிப் போடாதீர்கள். மின்சாரம் போய்ப்போய் வரும் ஊரில் ஜெல்லைக் குளிர்ப்பெட்டியில் வைத்தும் பயனில்லை, சூட்டில் வீரியம் போய்விடும். ஒன்றிரண்டு சிரிஞ்சாக மட்டும் வாங்குங்கள். அந்த நாட்களில் லப்பெட் டீ, புளிச்சக்கீரைக் குழம்பு இரண்டையும் குறையுங்கள். ஒன்று கறை ஏற்றும், மற்றது எனாமலைக் கரைக்கும். ப்ளீச்சிங் முடிந்து இரண்டு வாரம் கழித்துத்தான் கம்போசிட் வைக்க வேண்டும். பல்லுக்குள் தங்கும் ஆக்சிஜன், பசை கெட்டியாவதைத் தடுக்கும்.

கடைசியாக முன்பல்லைக் கட்டும் வேலை. முதலில் மாதிரி அச்சின்மேல் மெழுகில் புதுப் பல் வடிவம் செய்யச் சொல்லுங்கள். அதை வைத்து ரப்பர் போன்ற அச்சு எடுத்து, தற்காலிகப் பொருளை ஊற்றி உங்கள் பல்லின்மேலேயே வடிவத்தைக் காட்ட முடியும். ஒரு சொட்டுக்கூட அராவாமல் உங்கள் சிரிப்பை நீங்கள் பார்க்கலாம். வாய்மொழியாக "அழகாக வரும்" என்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். பிடித்த பிறகுதான் நிரந்தர வேலை. எனாமலை முப்பத்தேழு சத பாஸ்பாரிக் அமிலத்தால் பதினைந்து முதல் முப்பது வினாடி சொரசொரப்பாக்கி, கழுவி, பசை பூசி, நிறம் நிறமாகக் கம்போசிட்டை அடுக்கி விளக்கில் கெட்டியாக்குவார்கள். ஒரு அடுக்கு இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, தாண்டினால் உள்ளே வேகாமல் இருக்கும். நிறம் பார்ப்பதை வேலை ஆரம்பிக்கும்போதே, பல் ஈரமாக இருக்கும்போதே முடிக்க வேண்டும். உலர்ந்த பல் வெளுப்பாகக் காட்டும், அதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் மறுநாள் புதுப்பல் மட்டும் பளீரென்று தனித்து நிற்கும்.

ஆறேழு வருடத்தில் ஓரம் உதிரும், கறை ஏறும், மெருகு போகும். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் உதிர்ந்த இடத்தில் அரைமணி நேரத்தில் ஒட்டுப்போடலாம், அடியில் உங்கள் பல் அப்படியே இருக்கும். பின்னொரு நாள் வெனீரோ தொப்பியோ வேண்டுமென்றால் அதற்கும் பல் மீதமிருக்கும்.

இந்த வரிசையில் போனால் கல்யாணத்துக்கு முன் முன்பல் வேலை முடிந்துவிடும். வலது கடைவாய்க்குத் தற்காலிகமாகக் கழற்றி மாட்டும் பல்செட் போட்டுக்கொண்டு, கடி நிலைத்த பிறகு நிரந்தரமானதைச் செய்துகொள்ளலாம். வாய் திறப்பு குறைந்திருந்தால் அந்தப் பல்செட்டை இரண்டு துண்டாகவோ சின்னதாகவோ செய்யச் சொல்ல வேண்டியிருக்கும், முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். இரவில் பல் கடிக்கும் பழக்கம் உண்டா என்று வீட்டில் கேளுங்கள், இருந்தால் கெட்டியான அக்ரிலிக் இரவுத்தட்டு கட்டாயம்.

கையெழுத்துப் போடும் முன்

கையில் பணம் கொடுக்கும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: எந்தெந்தப் பல்லில் என்ன வேலை, எத்தனை தடவை வர வேண்டும், வேலைக்கு வேறு வழி என்ன இருந்தது, ஏன் அது வேண்டாம் என்றார்கள், உடைந்தால் யார் பொறுப்பு. எக்ஸ்ரே, மாதிரி அச்சு, வேலைக்கு முன் எடுத்த படம் மூன்றின் பிரதியும் உங்களுக்குச் சேர வேண்டியவை. மியன்மார் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு உண்டா என்று கேட்பதில் அவமரியாதை எதுவும் இல்லை, நல்ல டாக்டர் காட்டுவார். "இன்றைக்கே ஆரம்பித்தால் தள்ளுபடி" என்று சொல்கிற இடத்தில், "யோசித்துச் சொல்கிறேன்" என்று எழுந்து வந்துவிடுங்கள். யோசிக்க விடாத வேலை உங்கள் வாய்க்கு வேண்டாம்.

யாங்கோனுக்குப் போகிற தடவை, அந்தக் கிளினிக்கில் எடுத்த எக்ஸ்ரேயையும் கொண்டுபோய் வாய்நோய்ப் பிரிவில் காட்டுங்கள். வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்று அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த எண்ணை ஒரு தாளில் குறித்து வைத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு எண்ணையும் எனக்கு எழுதி அனுப்பினால், மேற்கொண்டு சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.